பாங்காக்கில் ஏற்றிய சூடம்

இரண்டு வருடத்துக்கு முன், ஒரு ஆவணி மாதம். வில்லியனூரில் எங்களுக்கு சிமெண்ட், பெயிண்ட், இரும்புச் சாமான் கடை. அந்த வருடம் சிமெண்ட் கம்பெனி கொடுத்த டார்கெட்டை என் வீட்டுக்காரர் எப்படியோ முடித்துவிட்டார். அதற்குப் பரிசாக டீலர்களைக் குடும்பத்தோடு பாங்காக்குக்கு அழைத்துப் போனார்கள். வில்லியனூர், பாகூர், கடலூர் பக்கத்து ஆட்கள் ஒரு பஸ் நிறைய இருந்தோம். அதுவரை நான் பார்த்ததிலேயே தூரமான ஊர் திருப்பதி.

கிளம்புவதற்கு முன்பே ஊரில் கிண்டல் ஆரம்பித்துவிட்டது. கடைக்கு வரும் கொத்தனார்கள், 'இன்னா மொதலாளி, அங்க போனா மசாஜ் உண்டாமே' என்று கேட்பார்கள். இவருக்குக் காது சிவந்துவிடும். பெண்கள் பெயிண்ட் கலர் பார்க்க வந்தால்கூட நிமிர்ந்து பார்க்காமல் கலர் அட்டையை என் பக்கம் தள்ளிவிடுகிற மனிதர் அவர். கல்யாணமான புதிதில் என்னிடம் பேசவே அவருக்கு ஒரு வாரம் ஆனது. இப்போதும் பெரிதாகப் பேசுவதில்லை, அந்தப் பங்கையும் சேர்த்து நானே பேசிவிடுகிறேன்.

கடைசி நாள். மதியமே ஹோட்டலைக் காலி செய்துவிட்டோம். பெட்டிகள் பஸ்ஸில். சாயங்காலம் பஸ் நேராக விமான நிலையம் போகும், அதுவரை கடைவீதியில் சுற்றிக்கொள்ளுங்கள் என்று கைடு இறக்கிவிட்டார். இவருக்கோ இடுப்புப் பிடிப்பு. கடையில் ஆள் வராத ஒரு நாள் சிமெண்ட் மூட்டையைத் தானே தூக்கிப் பிடித்துக்கொண்ட இடுப்பு. நான்கு நாள் நடையில் அது இன்னும் மோசமாகி, வலது பக்கம் சாய்ந்தபடி நடந்தார்.

அப்போதுதான் அந்த மசாஜ் கடை கண்ணில் பட்டது. வாசலில் பெரிய போர்டு. பாதம், முதுகு, இடுப்பு என்று படம் போட்டு, பக்கத்திலேயே ரேட் எழுதியிருந்தது. அட்டை நீட்டிக் கூப்பிட்ட பெண், புருஷன் பொண்டாட்டி ஒரே அறையில் படுக்கலாம் என்று சைகையில் காட்டினாள். இவர் வேண்டாம், ஊரில் போய் நீவிக்கொள்ளலாம் என்று பின்வாங்கினார். கொத்தனார்களின் கிண்டல் ஞாபகம் வந்திருக்கும். நான்தான் விடவில்லை. கூடவே நான் இருக்கிறேன், என்ன வெட்கம் என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனேன்.

உள்ளே போனதும் சாமான் வைக்க ஒரு லாக்கர் சாவியைக் கொடுத்துவிட்டு, சாவிக்கு ஈடாகப் பாஸ்போர்ட் கேட்டாள் முதலாளியம்மா. விவரம் தெரிந்தவர்கள் அங்கேயே திரும்பி வந்திருப்பார்கள். எங்களுக்கு அது தப்பாகவே படவில்லை. எங்கள் கடையில் ஏணி, டிரில் மெஷின், சாரப் பலகை எல்லாம் வாடகைக்குக் கொடுப்போம். எடுத்துப் போகிறவர் ஆதார் அட்டையோ வாக்காளர் அட்டையோ வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். ஆகவே அவள் பாஸ்போர்ட்டைக் கேட்டதும், பரவாயில்லையே, ஒழுங்காகக் கடை நடத்துகிறார்களே என்று எனக்கு மரியாதைதான் வந்தது. இரண்டு பேருடையதையும் என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன்.

மாடியில் ஒரு அறை. நடுவில் ஒரு திரை, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். நீவினார்கள் என்னவோ நன்றாகத்தான். கொஞ்ச நேரத்தில் திரைக்கு அந்தப் பக்கமிருந்து குறட்டைச் சத்தம் வந்தது. பாவம், நன்றாகத் தூங்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு முடிந்ததும், கீழே வந்து டீ குடி என்று என்னை மட்டும் அழைத்துப் போனார்கள். இஞ்சி போட்ட டீ. அதைப் பாதிகூடக் குடித்திருக்கமாட்டேன், மாடியில் ஒரு பெண் கத்துகிற சத்தம். தடதடவென்று எல்லோரும் இறங்கி வந்தார்கள். முன்னால் முதலாளியம்மா, அவள் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு இவருக்கு நீவிவிட்ட பெண். கடைசியில் சட்டைப் பொத்தானைத் தப்புத் தப்பாகப் போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர்.

முதலாளியம்மா எனக்குப் புரிகிற அளவுக்கு இங்கிலீஷில் சொன்னாள்.

"யுவர் ஹஸ்பண்ட் பேட் மேன். டச் மை கேர்ள். ஐ கால் போலீஸ்."

கையெல்லாம் பச்சை குத்திய ஒரு தடியன் எங்கிருந்தோ வந்து வாசலை மறித்து நின்றான். அவள் கால்குலேட்டரில் ஒரு பெரிய தொகையை அழுத்திக் காட்டினாள். கொடுத்தால் பாஸ்போர்ட், இல்லாவிட்டால் போலீஸ். சாயங்காலம் பஸ். பாஸ்போர்ட் இல்லாமல் எங்கே போவது? போலீஸ் வந்தால் இந்த மனிதர் என்ன பாஷையில் என்ன சொல்வார்?

அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முதலாளியம்மாவையும் பார்க்கவில்லை, தடியனையும் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாதிரி ஒரு பயத்தை அவர் கண்ணில் நான் பார்த்ததே இல்லை.

"குடுத்துட்டு போயிடலாம்டி. வெளிய தெரிஞ்சா அசிங்கம். நம்ம ஆளுங்க எல்லாம் ரோட்லதான் சுத்திகினு இருக்காங்க" என்றார்.

எத்தனை வருடம் கூட இருந்து பார்த்த மனிதர். "காசு குடுத்தா நீங்க செஞ்சதா ஆயிடும். சும்மா இருங்க" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. கைடு நம்பரை எழுதி வைத்த சீட்டைத் தேடிக் கைப்பையைத் துழாவினேன். சீட்டு கிடைக்கவில்லை. காலையில் அங்கேயே இருந்த தமிழ்க் கோயிலுக்குப் போனபோது மிச்சமான சூடப் பாக்கெட் கையில் அகப்பட்டது. நிமிர்ந்து பார்த்தால் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சாமி மாடம். பூ, வாழைப்பழம், சிவப்பு சர்பத் பாட்டில், எரிந்துகொண்டிருக்கும் ஒரு மெழுகுவத்தி.

எங்கள் பக்கத்தில், ஆடு காணாமல் போனாலும் வரப்பைத் தள்ளிப் போட்டதாகப் புகார் வந்தாலும், கடைசியில் பேச்சு சூடத்தில் வந்து நிற்கும். சாமி முன்னால் சூடத்தை ஏற்றி, நீ சொல்வது நிஜமென்றால் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணு என்பார்கள். வாய் நீளமானவன்கூட அந்த இடத்தில் பின்வாங்கி நான் பார்த்திருக்கிறேன்.

யாரையும் கேட்கவில்லை. மாடத்தின் முன்னால் இருந்த தட்டில் சூடத்தை வைத்து, மெழுகுவத்தியை எடுத்து ஏற்றினேன். குப்பென்று பிடித்துக்கொண்டது. எனக்குத் தெரிந்த ஒரே பாஷையில், தெரு வரைக்கும் கேட்கிற குரலில் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னேன்.

"இது ஒங்க சாமி. எங்க சாமி இல்ல. இவரு ஒன்ன தொட்டது நெசம்னா இத அணைச்சி சத்தியம் பண்ணு. நீங்க கேக்கறத குடுத்துட்டுப் போறேன்."

அவளையும் நெருப்பையும் சாமியையும் மாறி மாறிக் காட்டி, உள்ளங்கையை விரித்து அணைப்பதுபோல் செய்தேன். ஆனால் அவளுக்கு முன்னால் ஒரு கை குறுக்கே வந்தது. என் வீட்டுக்காரர் கை. இடுப்புப் பிடிப்பையெல்லாம் மறந்து ஒரே எட்டில் வந்து, உள்ளங்கையை அப்படியே சூடத்தின்மேல் வைத்து அழுத்திவிட்டார். கையை எடுத்தபோது நடுவில் கறுப்பாகக் கரி.

நான் இன்னொரு சூடத்தை எடுத்து ஏற்றினேன். இப்போது உன் முறை என்று அந்தப் பெண்ணைப் பார்த்தேன். என் மகள் வயதுதான் இருக்கும். முதலாளியம்மா அவள் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். அவள் இரண்டடி வந்தாள், நெருப்பைப் பார்த்தாள், மாடத்தைப் பார்த்தாள். சட்டென்று தரையில் மண்டிபோட்டு இரண்டு கையையும் கூப்பி, மாட்டேன் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

முதலாளியம்மா அவளை ஏதோ திட்ட ஆரம்பித்தாள். அதற்குள் மசாஜுக்கு வந்த இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் தடியனுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி போனைத் தூக்கிப் படம் பிடிக்கத் தொடங்கியதும் தடியன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நகர்ந்துவிட்டான். மண்டிபோட்ட பெண் எழுந்தாள். கல்லாவைத் திறந்து எங்கள் பாஸ்போர்ட் இரண்டையும் எடுத்து, முதலாளியம்மா தடுக்கத் தடுக்க, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். எனக்கு அவள்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. அவள் கன்னத்தைத் தொட்டேன்.

முதலாளியம்மாவுக்கு இப்போது இங்கிலீஷில் 'ஓகே, கோ' என்பது மட்டும்தான் ஞாபகம் இருந்தது. நான் அவசரப்படவில்லை. நீவிவிட்ட உழைப்புக்கு உள்ளதை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? வெளியே போர்டில் என்ன போட்டிருந்ததோ அதை மட்டும் சாமி மாடத்தில் வைத்துவிட்டு, அவரைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வாசல் வழியாக வெளியே வந்தேன். அன்றைக்கு நான் நடந்த நடையை யாராவது பார்த்திருக்க வேண்டும்.

பஸ்ஸில் ஏறியதும் இவர் என் முந்தானையை இழுத்து, யாரிடமும் சொல்லாதே என்றார். நான் எழுந்து நின்று எல்லோருக்கும் சொன்னேன். நாம் மறைத்தால்தானே அது அசிங்கம்? கேட்டுவிட்டுப் பஸ்ஸே கை தட்டியது. அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஆட்டோக்காரன் பேச்சைக் கேட்டு அவன் காட்டிய கடைக்குப் போனவர், துண்டுக்கும் எண்ணெய்க்கும் தனித்தனியாகக் காசு அழுத கதையைச் சொன்னார். ஒருவர், ஆணியில் மாட்டிய பேண்ட்டிலிருந்து வாட்ச் மாயமானதைச் சொன்னார். மூன்று நாளாகப் பஸ்ஸில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மசாஜ் பெருமை பேசிய பாகூர் டீலர் ஒருவர் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார். கடைசியில் அவரும் வாயைத் திறந்தார். முந்தின நாள் இதே பழியைப் போட்டு, கேட்டதைக் கறந்துவிட்டார்களாம். நல்ல கடைகள்தான் இங்கே அதிகம், ஆனால் இந்த மாதிரிக் கடைகள் பிழைப்பதே ஆம்பிளைகள் வெளியே சொல்ல வெட்கப்படுவதால்தான் என்றார் கைடு. எனக்கு முன் சீட்டைக் காலி செய்து கொடுத்தார்கள். ராணி மாதிரி உட்கார்ந்து போனேன்.

விமான நிலையத்தில் காத்திருந்தபோது அவர் கையை இழுத்துப் பார்த்தேன். உள்ளங்கை நடுவில் லேசாகக் கொப்புளம். அவசரப்பட்டு ஏன் கையை வைத்தீர்கள், அந்தப் பெண்ணல்லவா அணைக்க வேண்டும் என்று கேட்டேன்.

கொப்புளத்தைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்.

"நீ அந்தப் பொண்ண பாத்து சொன்னாலும், அத எனக்குத்தான் ஏத்தினேன்னு நெனச்சேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தனை பேர் முன்னால் அந்தக் கடையையே ஒரு கலக்குக் கலக்கிவிட்டேன் என்ற பெருமிதத்தில் இருந்தவள் நான். என் மனசில் ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. வராததாலேயே அதைச் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை. பொண்டாட்டி நம்புகிறாளா இல்லையா என்று தெரியாமலே, அவள் நம்பவேண்டும் என்பதற்காக நெருப்பில் கையை வைத்திருக்கிறார் மனிதர். போலீஸ் என்றபோது வராத அழுகை எனக்கு அப்போது வந்தது. நாலு பேர் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்காமல் அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "ஒங்களுக்கு நான் ஏத்துவனா? ஒங்கள எனக்குத் தெரியாதா?" என்றேன். அவர் காது சிவந்துவிட்டது.

நாங்கள் வந்து சேர்வதற்குள் கதை வில்லியனூருக்கு வந்து சேர்ந்திருந்தது. பக்கத்து உறுவையாற்றிலிருந்து சொந்தக்காரர்கள் அதைக் கேட்பதற்காகவே வந்தார்கள். கொத்தனார்கள் மசாஜ் பேச்சை விட்டுவிட்டு, அந்தச் சூடக் கதையைச் சொல்லுங்கம்மா என்கிறார்கள். நானும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மசாலா சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆனால், சூடத்தை ஏற்றியது அந்தப் பெண்ணுக்கு, இவருக்கு இல்லை என்கிற ஒரு வரியை மட்டும் கடை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொல்வேன். அவர் காதில் வாங்காதவர் மாதிரி பெயிண்ட் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருப்பார். ஒருவரை நம்புவது மட்டும் போதாது, நம்புகிறோம் என்பது அவர் காதில் விழவேண்டும் என்பதை இத்தனை பேச்சுப் பேசுகிற நான் கற்றுக்கொண்டது, பேசவே தெரியாத அந்த மனிதரின் உள்ளங்கையிலிருந்துதான்.