பட்டியலில் இருக்கிறது, ரேக்கில் இருக்கிறதா?

முனிராஜ் முதலில் அழிப்பார். அலுவலக மூலையில் ஒரு பழைய கணினி இருக்கிறது. வேறு எந்த வேலைக்கும் அதை யாரும் தொடக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். ஒரு மென்பொருளை வாடிக்கையாளருக்கு அனுப்புவதற்கு முன், அந்தக் கணினியில் தங்கியிருக்கும் உதிரிகளை ஒன்றுவிடாமல் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார். "ரேக்கு காலியா இருந்தாத்தானுங்க எது இல்லைன்னு தெரியும்" என்பார். உட்கார்ந்தால் நாற்காலியில் சாயமாட்டார்.

வயது நாற்பத்தெட்டு. ஊர் கௌதள்ளி. மைசூரில் ஒரு தொழிற்சாலையில் பதினேழு வருடம் ஸ்டோர் கீப்பர்; கையெழுத்து வாங்காமல் ஒரு ஆணியைக்கூட வெளியே விட்டதில்லை. தொழிற்சாலை இடம் மாறியபோது அதே ஊரின் அக்ரஹாரம் பகுதிக்கு வந்தார். அங்கே ஒரு மருந்துக்கடையின் மாடியில் சேகரன் நடத்தும் ஏழு பேர் மென்பொருள் அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். கேபிள் மாட்டுவதும் கணினி துடைப்பதும்தான் வேலை. பில்டு உடையும்போதெல்லாம் பின்னால் நின்று பார்த்து, கேட்டு, குறித்துவைத்துக் கற்றார். ஜாவா எழுத இன்றும் தெரியாது. எழுதியவர்களுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரியும்.

ஜாவா மென்பொருள் தனியாக நிற்பதில்லை. ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்ட நூலகங்களைப் பெயரும் எண்ணும் சொல்லி ஒரு பட்டியலில் கேட்கிறது. மூல நிரலை ஓடும் பொட்டலமாகக் கட்டும் அந்த பில்டின்போது அவை இணையத்திலிருந்து இறங்கி, கணினியின் ஒரு கோப்புறையில் தங்கிவிடும்; முனிராஜுக்கு அதுதான் ரேக். மறுமுறை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். யாராவது ஒரு நூலகத்தைத் தன் கணினியில் கையால் போட்டுவைத்தால், அவர் கணினியில் மட்டும் எல்லாம் சரியாக ஓடும். "லிஸ்ட்ல இருக்குதுங்க, ரேக்குல இருக்குதா?" என்று முனிராஜ் கேட்பது இதைத்தான். பட்டியலை அச்செடுத்துப் பரீட்சை அட்டையில் மாட்டி, ஒவ்வொன்றும் வந்து இறங்கும்போது "ஆஜர்" என்று முணுமுணுப்பார். பிழை வந்தால் மற்றவர்கள் கடைசி வரியைப் படிப்பார்கள். இவர் திரையை மேலே தள்ளிக்கொண்டே போய் முதல் பிழையில் நிற்பார்.

சேகரனுக்கு இருப்பது ஒரே வாடிக்கையாளர், நாற்பது கிராமப் பால் சங்கங்களின் கூட்டமைப்பு. இந்த வருடம் புது விதி வந்தது: மூல நிரலை அவர்கள் மடிக்கணினியில், அவர்கள் கண்முன்னே பில்டு செய்து காட்டவேண்டும். காட்டிவிட்டால் ஒப்பந்தம் மூன்று வருடம் நீளும். இல்லையென்றால் பெங்களூருக்காரர்களுக்குப் போகும், ஏழு பேரும் வேறு வேலை தேடவேண்டும். போன மாதம் ஒரு புதன்கிழமை மூன்று மணிக்குக் கூட்டமைப்பின் அதிகாரி லீலா வருவதாக ஏற்பாடு.

அன்று காலை பத்து மணிக்குக் காலி ரேக்கில் பில்டை ஓட்டினார் முனிராஜ். அறுபத்தொன்றில் அறுபது ஆஜர். பால் பரிசோதனைக் கருவியிலிருந்து கொழுப்பு அளவைப் படிக்கும் நூலகம், எண் 1.3, மட்டும் வரவில்லை. அது இணையத்தில் கிடைக்கும் சரக்கு அல்ல. இதே அலுவலகத்தில் ரவிக்குமார் எழுதியது. அவர் தன் மடிக்கணினியில் மட்டும் அதை வைத்துக்கொண்டு, முனிராஜின் மூலைப் பக்கமே வராமல், பென் டிரைவில் நேராகச் சங்கங்களுக்குக் கொண்டுபோய்ப் போட்டவர். ஆறு மாதம் முன்பு வேலையை விட்டுப் போனார். அவர் மடிக்கணினியைச் சுத்தமாக அழித்து வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது.

"அந்த லைனையும், அத கூப்புடற நாலு எடத்தையும் கமென்ட் பண்ணி ஓடாம வெச்சிடலாம் ஸ்டோர் சார்" என்றான் இளம் பொறியாளன் தருண்குமார். "பில்டு ஆகுதான்னுதானே பாக்கப் போறாங்க?"

"ஆவுந் தம்பி. அப்புறம் கொழுப்ப யாரு படிக்கிறது? ஊர் ஊராப் போயி நீ நாக்கு வெச்சு சொல்லுவியா?"

சேகரன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வேற என்ன வழி முனிராஜ்? திரும்ப எழுத ஒரு வாரம் ஆகும்."

"இன்னிக்குக் காலைல நாப்பது ஊர்லயும் பால் ஊத்தியிருக்காங்க சார். மிசினு கொழுப்பு காட்டியிருக்குது. அப்ப சாமான் எங்கியோ இருக்குதல்லங்க?"

யாரும் பதில் சொல்வதற்குள் ஸ்கூட்டர் சாவியை எடுத்துவிட்டார்.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு சங்கம். காலைப் பால் முடிந்து, செயலாளர் தொட்டையன் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏன் ஸ்வாமி, எங்க பொட்டியக் கழட்டிட்டுப் போறதுக்கா வந்தீங்க? சாயங்காலம் நூறு பேரு கேனோட வந்து நிப்பாங்க."

"ஒரு ஆணியும் கழட்டலைங்க. ஒரு காப்பி எடுத்துக்கறேன், அவ்வளவுதான்."

சங்கத்துக் கணினியில் தினமும் ஓடிக்கொண்டிருந்த மென்பொருள் பொட்டலத்தின் பிரதியைப் பிரித்தார் முனிராஜ். உள்ளே ஒரு கோப்புறையில் அறுபத்தொன்றும் வரிசையாக இருந்தன. பெயரைப் படித்தார். எண்ணை இரண்டு தடவை படித்தார். 1.3. இரண்டு பென் டிரைவில் எடுத்துக்கொண்டார். எதற்கு இரண்டு என்று கேட்ட தொட்டையனிடம், "ஒண்ணு வழியில விழுந்துட்டா?" என்றார்.

திரும்பி வந்ததும் அதைத் தன் ரேக்கில் போடவில்லை. மூல நிரலுக்குள்ளேயே ஒரு தட்டு அமைத்து அதில் வைத்தார், நிரல் எங்கே போனாலும் நூலகமும் கூடவே போகும்படி. பட்டியலில் அந்த இடத்தைக் குறிப்பிட்டார். ரேக்கை அழித்து ஓட்டினார். பில்டு ஆனது. தருண்குமார் மேசையைத் தட்டி விசிலடித்தான். முனிராஜ் மறுபடி அழித்து மறுபடி ஓட்டினார். பிறகு அலுவலகத்தில் இருந்த மாதிரிக் கருவியை மாட்டி, பாலை ஊற்றிப் பார்த்தார். திரையில் 4.2 வந்தது. "இப்ப விசிலடி" என்றார்.

லீலா மூன்றேகாலுக்குப் புது மடிக்கணினியோடு வந்தார். முனிராஜ் விசைப்பலகையைத் தொடவில்லை. "நீங்களே தட்டுங்க மேடம்." வரிகள் ஓட ஆரம்பித்தன. நான்கு நிமிடம். சேகரன் ஜன்னலுக்கு வெளியே தெருவில் போகும் ஸ்கூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபதாவது வந்தது. ஒரு மூச்சு நேரம் திரை நின்றது. அறுபத்தொன்றாவது வந்தது. பில்டு வெற்றி என்ற வரி விழுந்ததும் அறையில் கைத்தட்டல். தருண்குமார் முனிராஜின் தோளை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினான்.

"ஆய்த்தல்லா, முடிஞ்சிடுச்சு சேகரன் அவரே, ரொம்ப சந்தோஷம்" என்று எழுந்தார் லீலா. "சர்டிஃபிகேட்ட நாளைக்கு சைன் பண்ணி அனுப்பறேன்."

"சரிங்க மேடம், மெதுவா அனுப்புங்க" என்றார் சேகரன்.

லீலா மடிக்கணினியை மூடிவிட்டு, எடுக்கக் கை நீட்டினார். அதன் மூடிமேல் முனிராஜின் இடது கை இருந்தது. அழுத்தமில்லை, சும்மா வைத்தது போலத்தான் இருந்தது. வலது கை ஒப்புதல் சான்றிதழை மேசைமேல் மெல்ல அவர் பக்கம் தள்ளியது. அதன்மேல் மூடி கழற்றிய பேனா. லீலா அந்தக் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். கையெழுத்துப் போட்டு, தேதியும் எழுதி, பையிலிருந்து முத்திரையை எடுத்துக் குத்தினார். மை காயும்வரை முனிராஜ் காத்திருந்தார். பிறகு கையை எடுத்தார்.