ரத்தம் பாதிதான் சொல்லும்

ஊசியோடு வருகிறவளை யாரும் சிரித்த முகத்தோடு வரவேற்பதில்லை. ஆஸ்பத்திரி லேபில் காலம் தள்ளியவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எண்பதுகளில் மலேசியாவின் பினாங்குத் தீவில் நான் குத்திய கைகளில் எத்தனையோ மறந்துவிட்டன. லெட்சுமி அக்காவின் கை மறக்கவில்லை.

திருப்பி ஊத்துங்க

கடலுக்கு அக்கரையில், நிபோங் திபால் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர் அவர். மாதக்கணக்கில் முதுகுவலி, சாயங்காலமானால் காய்ச்சல், கால்களில் தள்ளாட்டம். நுரையீரல் எக்ஸ்ரே படம் சுத்தம். முதுகெலும்பில் காசநோயோ என்று டாக்டருக்குச் சந்தேகம். எங்களிடம் இருந்ததோ ஓர் எளிய ரத்தச் சோதனை. நீளமான கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை நிறுத்தி வைத்து, ஒரு மணி நேரத்தில் சிவப்பு எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்போம். அதிகம் இறங்கினால் உடம்பில் எங்கோ கோளாறு. எங்கே, என்ன என்று கேட்டால் அது வாயைத் திறக்காது.

அக்காவின் ரத்தம் விறுவிறுவென்று இறங்கியது. உறுதி செய்துகொள்ள மறுபடி எடுக்கப் போனேன். நர்ஸானாலும் லேப்காரியானாலும் தோட்டத்து ஆட்களுக்கு 'மிஸ்ஸி'தான். அக்கா கையை நீட்டியபடியே சொன்னார்: "போன வாரம் எடுத்தத பாத்து முடிச்சிட்டா, திருப்பி ஊத்திருங்கலா மிஸ்ஸி."

கணவரின் உதவி

சளியிலும் பார்த்துவிடலாம் என்று டாக்டர் குப்பி கொடுத்தனுப்பினார். இருமலே இல்லாதவருக்குச் சளி எங்கிருந்து வரும்? ஆனால் மறுநாள் அவர் கணவர் மணியம் அண்ணன் நிறைந்த குப்பியைக் கொண்டுவந்து வைத்தார். மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். காசநோய்க் கிருமிகள், கொத்துக் கொத்தாக.

சுத்தமான நுரையீரலிலிருந்து இத்தனையா என்று டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். அண்ணனைக் கூப்பிட்டு விசாரித்தேன். அவர் பெருமையாகவே சொன்னார்: "அவளுக்கு வரல மிஸ்ஸி, முக்கி முக்கிப் பாத்தா, பாவம். அதான் நானே துப்பிக் குடுத்தேன். புருஷன் பொண்டாட்டிதானே, எல்லாம் ஒண்ணுதான்லா."

அக்கா கேட்டது

சுருட்டு இருமல் என்று அண்ணன் நினைத்திருந்தது சுருட்டு இருமல் இல்லை. படம் எடுத்துப் பார்த்தால், அவருடைய நுரையீரல்தான் அரித்துப்போய்க் கிடந்தது. வீட்டுக்குள்ளேயே நோய் இருப்பது தெரிந்ததும் டாக்டர் மேற்கொண்டு தயங்கவில்லை. இருவருக்கும் மருந்து தொடங்கினார். அதற்குள் அக்காவின் கால்கள் விழுந்துவிட்டன.

அடுத்த முறை ரத்தம் எடுக்கப் போனபோது, நோய் கணவரிடமிருந்துதான் ஒட்டிக்கொண்டதா என்று மெதுவாகக் கேட்டார். உறுதியாகச் சொல்ல முடியாது அக்கா என்றேன். உண்மையும் அதுதான். ஆனால் என் முகம் வேறு ஏதோ சொல்லியிருக்க வேண்டும். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அவரு கேட்டாலும் இதே மாதிரி சொல்லிருங்க மிஸ்ஸி. தன்னாலதான் நான் நடக்கலன்னு தெரிஞ்சா அந்த மனுசன் தாங்கமாட்டாரு."

நல்ல ரிசல்ட்

மாதங்கள் போகப்போக, குழாயில் சிவப்பு இறங்குவது குறைந்துகொண்டே வந்தது. மருந்து முடிகிற சமயம் இருவரும் ஃபெரி ஏறி வந்தார்கள். அண்ணன் நன்றாகச் சதை போட்டிருந்தார். அவர் தள்ளிவந்த சக்கர நாற்காலியில் அக்கா.

அன்று சிவப்பு கொஞ்சம்தான் இறங்கி நின்றுவிட்டது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வராந்தாவுக்கு ஓடிவந்து, ரத்தம் நல்லபடி ஆகிவிட்டது என்று சொன்னேன். அக்கா சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. குனிந்து, நாற்காலியின் கால்பலகையிலிருந்து நழுவித் தொங்கிய அக்காவின் பாதத்தை எடுத்து வைத்தார். குனிந்தபடியே கேட்டார்: "ரத்தத்துக்குத் தெரிஞ்சிருச்சு மிஸ்ஸி, இந்தக் காலுக்கு யாரு சொல்றது?"

ரிசல்ட் எழுதத்தான் எனக்குச் சம்பளம், பதில் சொல்ல இல்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டு, ஒருவழியாகப் பென்ஷனும் வாங்கிவிட்டேன்.