ஆர்லீனைக் கூப்பிடாத அலுவலகம்

அமெரிக்காவின் டுலூத் நகரில், ஏரியைப் பார்த்த ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில் நான் துப்புரவு வேலை செய்கிறேன். ஆர்லீன் நியெமி அங்கே பதினாறு வருஷமாக இருக்கிறாள். ஞாயிறு தேவாலயத்தில் எனக்குப் பக்கத்து இருக்கை.

யார் ஒரு நிரல் கோப்பைத் திருத்திச் சேமித்தாலும், "ஆர்லீன், ஓட்டிப் பாரேன்" என்று குரல் வரும். திருத்தியதில் எதுவும் கெடவில்லையே என்று பார்க்கும் சோதனைகள் அவள் கணினியில்தான் ஓடும். கட்டளையைத் தட்டிப் பார்த்துவிட்டு "சரி" என்பாள். அவள் சொல்லாமல் யாரும் அடுத்த வேலைக்குப் போக மாட்டார்கள். தினமும் நாற்பது தடவையாவது அவள் பெயர் அந்த அறையில் கேட்கும்.

புதிதாகச் சேர்ந்த காரிக் ஒரு காவல் நிரல் வைத்தான். ஏதாவது கோப்பு மாறினால் போதும், அதுவே சோதனையை ஓட்டி, சரியென்றால் சுவர்த் திரையில் பச்சை காட்டிவிடும். ஆர்லீன் பெயர் நின்றுபோனது.

"அதுக்கு காபி வேண்டாம், லீவு வேண்டாம். நல்லவதான்" என்றாள் என்னிடம். சக்களத்தியைப் பற்றிப் பேசுகிற குரல்.

மூன்றாம் நாள் காலையிலிருந்து அது நிற்காமல் ஓடியது. யாரும் எதையும் தொடவில்லை.

"காரிக், உன் ஆளுக்குப் பேய் புடிச்சிருக்குப்பா" என்றார் மேலாளர் வெண்டல். "அஞ்சு மணி வரைக்கும் பாப்போம். அப்புறம் தூக்கிட்டு ஆர்லீன்கிட்டயே குடுத்துடலாம்."

ஆர்லீன் சமையலறைக்கு வந்து கோப்பையைக் கழுவினாள். முகம் மலர்ந்திருந்தது.

"நேத்து ராத்திரி காரிக் அத மாத்தி வச்சான். இப்ப சோதனை முடிஞ்சதும் அதோட முடிவ கோப்புங்க இருக்கிற அதே இடத்துல எழுதுது. எழுதினதும் கோப்பு மாறிடுச்சேன்னு மறுபடி ஓடுது. தன் வாலத் தானே தொரத்துது."

"சொல்லிடேன், ஆர்லீன்."

"எதுக்கு? அஞ்சு மணிக்கு எல்லாரும் என்னைத்தான் கூப்பிடுவாங்க."

நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன். எனக்குள்ளும் பொறாமை உண்டு, கர்த்தர் அறிவார்.

நாலு மணிக்குக் காரிக் தன் இடத்திலிருந்தே தலையைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டான். "ஆர்லீன், கொஞ்சம் பாருங்களேன்."

மூன்று நாளில் அவளைக் கூப்பிட்ட முதல் குரல். அவள் எழுந்தே விட்டாள்.

"முடிவு எழுதுற இடத்த மட்டும் பாக்க வேணாம்னு அதுகிட்ட சொல்லு" என்றாள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

ஓட்டம் நின்றது. காரிக் அவள் கையைப் பிடித்து நன்றி சொன்னான்.

மறுநாள் பதினொரு மணி வரை யாரும் அவளைக் கூப்பிடவில்லை. நான் குப்பைக்கூடையை எடுக்கப் போனபோது, அவளே ஒரு கோப்பைத் திறந்து, ஒரு வெற்று வரி சேர்த்துச் சேமித்தாள். சுவர்த் திரை பச்சையானது.

"பாத்தியா" என்றாள். "நான் வாயத் தொறக்கிறதுக்குள்ள முடிச்சிட்டா."