தம்பியின் கழுத்தில் போட்ட துளை

சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், எங்கள் வயல் மடையில் வைத்துத் தம்பியை வெட்டினார்கள். வாய்க்கால் தண்ணீரை யார் முதலில் திருப்புவது என்று தகராறு. அடுத்த வயல்காரன் அரிவாளைத் திருப்பிப் பிடித்துத் தலையில் ஓங்கி அடித்தான். சேற்றில் விழுந்தவனைத் தோளில் வெட்டினான். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் நான் போய்ப் பார்த்தபோது, மொட்டையடித்த தலையில் கட்டு; வாய்வழியாக இறக்கிய குழாயில் மெஷின்தான் அவனுக்காக மூச்சுவிட்டது.

நான் வள்ளியூரில் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். அதனாலேயே டாக்டரிடம் பேசும் பொறுப்பை வீட்டில் என்மேல் போட்டார்கள். டாக்டரம்மா முதலில் பொறுக்கச் சொன்னார். நினைவு திரும்பினால் குழாயை எடுத்துவிடலாம், கழுத்தைத் தொட வேண்டியதில்லை என்றார். ஒரு வாரம் தாண்டியும் அவன் விழிக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். சளி கட்டுகிறது, உதடு புண்ணாகிவிட்டது, வாய்க்குழாய் இருக்கும்வரை மயக்க மருந்தைக் குறைக்க முடியாது. இனி கழுத்தில் துளை போட்டு மூச்சுக்குழாயில் நேராகக் குழாய் வைப்பதுதான் நல்லது என்றார்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

“ஏட்டி, அவம் வாங்குன வெட்டு காணாதா? கழுத்தையும் அறுக்கணுமா?”

சித்தப்பா மகன்கள் இருவரும் ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடந்தார்கள். அவர்கள் பைக்கில் துண்டு சுற்றிச் சொருகியிருந்தது என்னவென்று எல்லோருக்கும் தெரியும். பெரியவன் என்னிடம், “அவன் போயிட்டாம்னா சொல்லுக்கா. மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்” என்றான்.

இப்படி இழுத்துக்கொண்டிருக்கையில், பார்வை நேரத்தில் நான் பக்கத்தில் நிற்கும்போதே, தம்பி அரைமயக்கத்தில் திமிறினான். கையைக் கட்டியிருந்த துணியை அறுத்துக்கொண்டு குழாயை உருவி எறிந்தான். வாயிலிருந்து ரத்தமும் நுரையும் கொட்டின. முகம் நீலமானது. நர்ஸ்கள் மேலே விழுந்து அமுக்க, அவன் உதைத்தான். உள்ளே வீங்கிப்போயிருந்த தொண்டையில் புதுக் குழாய் இறங்க மறுத்தது. நான் சுவரோடு ஒட்டி நின்றேன். எப்படியோ இறக்கிவிட்டு, ரத்தம் தெறித்த அங்கியோடு என்னிடம் வந்த டாக்டரம்மா, “அடுத்த தடவ இது உள்ள போவாது” என்றார்.

நான் கையெழுத்துப் போட்டேன். வராந்தாவில் எல்லோர் முன்னாலும் அம்மா என்னை அறைந்தாள்.

மறுநாள் காலையில் துளை போட்டார்கள். மயக்க மருந்தைக் குறைத்ததும் அவன் கண் திறந்து என்னைப் பார்த்தான். ஆனால் ஊருக்குள் போன சேதி வேறு. கழுத்தை அறுத்துவிட்டார்கள், ஆள் முடிந்தான் என்று பரவியது. சித்தப்பா மகன்கள் யாரிடமும் கேட்கவில்லை. அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்ற அந்த வயல்காரனின் அண்ணனை வெட்டினார்கள். தடுத்த கையில் விரல்கள் போயின. நெஞ்சிலும் ஆழமான வெட்டு. அவரையும் அதே வார்டுக்குத்தான் கொண்டுவந்தார்கள். வாயில் அதே மாதிரிக் குழாய். தம்பி திரும்பிப் பார்த்துச் சத்தமில்லாமல் அழுதான்.

அவருடைய மனைவி என்னைத் தேடி வந்தபோது அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

“எக்கா, ஒங்க தம்பிக்குப் போட்டாவள்லா, எங்க வீட்டுக்காரவுளுக்கும் இப்பமே தொள போடச் சொல்லட்டா?”

அவளை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். இவருக்குத் தலையில் அடியில்லை, நெஞ்சு தேறினால் சில நாளில் வாய்க்குழாயையே எடுத்துவிடலாம், வீணாக ஒரு வெட்டு எதற்கு என்றார் அவர். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க சொல்லுங்க. வெட்டுனவனுவ வீட்டு ஆளா இல்ல, ஒரு பொம்பளயா நின்னு சொல்லுங்க.”

“அவன் கத வேற, இவரு கத வேற. நீங்க பொறுங்க” என்றேன். அவள் பொறுத்தாள். அந்த வாரமே அவர் தானாக மூச்சுவிட்டார்.

தம்பி தேறத் தேற, டாக்டரம்மா அவன் கழுத்துக் குழாயை விரலால் மூடிப் பேசச் சொன்னார். கரகரவென்று காற்றுதான் முதலில் வந்தது. பிறகு, “மடைல அண்ணங்காரரு இல்லக்கா” என்றான். “தம்பிக்காரன் மட்டுந்தான் நின்னான்.”

போலீஸிலும் அதையே சொன்னான். வயல்காரனும் சித்தப்பா மகன்களும் இப்போது ஒரே ஜெயிலில் இருக்கிறார்கள். சித்தி எங்கள் வீட்டு வாசலை மிதிப்பதில்லை. அந்த அண்ணனின் மனைவி மட்டும் எப்போதாவது மருந்துக்கடைக்கு வருவாள். புருஷனுக்கு வலி மாத்திரை வாங்கிக்கொண்டு, தம்பி பையப் பைய நடக்கிறானா என்று விசாரித்துவிட்டுப் போவாள்.