மேசைக்கு அடியில் வெறுங்கால்

சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கட்டும். இது நடந்தது பட்டப்பகலில், நாலு பேர் நின்றுகொண்டிருந்த அறையில். எனக்குச் சொன்னவரின் இடது கால் இன்றைக்கும் சாட்சி. கிடங்கில் அவருக்குக் 'கறார்' என்று பேர். மூட்டை தூக்கும் ஆட்களுக்கு அவர்தான் சூப்பர்வைசர்.

மூன்று வருடத்துக்கு முன் நெட்டையன் என்ற மூட்டைக்காரர் சுமையோடு சுருண்டு விழுந்தார். "அண்ணே, முதுகிலேர்ந்து காலுக்கு வலி இறங்குதுண்ணே" என்று கதறினார். சுற்றி நின்றவர்கள் தூக்கப் போனார்கள். கறார் விடவில்லை.

"ஒண்ணுமில்ல. நீங்க வேலையைப் பாருங்க."

இதையே மூன்று தடவை சொன்னார். அப்புறம் நெட்டையனை எழுப்பி, இன்னும் நாலு மூட்டை தூக்க வைத்தார். பாவி மனுஷன்! நாலாவது மூட்டையோடு விழுந்த நெட்டையன் பிறகு எழுந்திருக்கவே இல்லை. படுத்த படுக்கை.

போன வருடம் அதே வலி கறாருக்கு வந்தது. முதுகெலும்பின் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று டாக்டர் படம் காட்டினார்.

"பெரிசா கிழிக்க மாட்டோம். பென்சில் பருமன்ல ஒரு குழாய், நகம் அளவு துளை, அவ்வளவுதான். ரத்தம் ரொம்பக் கம்மி. மரத்துப்போக ஊசி மட்டும், முழு மயக்கம் கிடையாது. சாயங்காலமே நடந்து வீட்டுக்குப் போயிடலாம்."

"முழிச்சிட்டா இருக்கணும்?"

"அதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. காலுக்கு வலி இறங்கினா உடனே சொல்லுங்க. நான் நிறுத்திடுவேன்."

காலை 11:05. குப்புறப் படுக்க வைத்தார்கள். முகத்துக்கு நடுவில் ஓட்டை வைத்த தலையணை. அதன் வழியே தரை மட்டும்தான் தெரிந்தது. பயத்தை மறக்க, நீல உறை போட்ட கால்களை எண்ணினார். டாக்டர், இரண்டு நர்ஸ், எக்ஸ்ரேக்காரர். எட்டுக் கால்கள்.

சொட்... சொட்... முதுகில் தடவிய பழுப்பு மருந்தும் குழாயில் விட்ட தண்ணீரும் கலந்து தரையில் விழுந்தன.

11:20. மறுபடி எண்ணினார். பத்து.

புதிதாக வந்த இரண்டுக்கும் உறை இல்லை. வெறுங்கால். இடது பெருவிரல் நகம் இரண்டாகப் பிளந்திருந்தது. நெட்டையன் காலில் பீப்பாய் உருண்டு பிளந்த அதே நகம். அன்றைக்கும் கறார் லீவு கொடுக்கவில்லை.

வெறுங்கால்கள் பழுப்புத் தண்ணீரை மிதித்தன. சளப்... சளப்... கிட்டே வந்தன.

அப்போது இடுப்பிலிருந்து பாதம் வரை வலி வெட்டி இறங்கியது.

"டாக்டர்! நிறுத்துங்க!"

வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. கையை ஆட்டப் பார்த்தார். காய்ப்பு ஏறிய ஒரு கை அதை மேசையோடு சேர்த்து அழுத்தியது.

"கால்ல வலி இருக்கா சார்?" டாக்டரின் குரல்.

பதில் வந்தது. கறாருடைய குரலேதான். ஆனால் தரையிலிருந்து வந்தது.

"ஒண்ணுமில்ல. நீங்க வேலையைப் பாருங்க."

11:24. டாக்டர் மறுபடி கேட்டார். அதே பதில்.

11:29. மூன்றாவது தடவை.

அதே பதில்...

சாயங்காலம் ஐந்து மணி. அதே சிகிச்சை செய்துகொண்ட பக்கத்துக் கட்டில்காரர் பையை வீசிக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனார். கறாரின் முதுகிலும் சின்ன பிளாஸ்திரிதான். ஆனால் இடது கால் மரக்கட்டையாகக் கிடந்தது. கத்தித் தீர்த்தார்.

நர்ஸ் ஓடி வந்தாள். "மூணு தடவை கேட்டோமே சார். மூணு தடவையும் ஒண்ணுமில்லன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அறுவை அறை வீடியோவில் பதிவானதைப் போட்டுக் காட்டினார்கள். அட்சரம் பிசகாமல் அவர் குரல்.

உடனே மனைவியை நெட்டையன் வீட்டுக்கு விரட்டினார். காலில் விழுந்தாவது மன்னிப்பு வாங்கி வரச் சொன்னார். அவள் ஏழு மணிக்குத் திரும்பி வந்தாள். உட்காரவில்லை. அவர் முகத்தையும் பார்க்கவில்லை.

"செத்துட்டாராம். இன்னிக்குக் காலைல, பதினொன்னு இருபதுக்கு."

அவள் குரல் இறங்கியது.

"ரெண்டு வருஷமா தரையில படாத காலுங்க. அவர் பொண்டாட்டி போர்வையை விலக்கிக் காட்டினா. ரெண்டு உள்ளங்காலும் ஈரமா இருக்கு. பழுப்பா... ஏதோ மருந்து வாடை."