மூன்றாவது பேரிங்

‘அதிவேக இயந்திரங்களின் சுழல்பாகங்களுக்கு உயவிடுவதில் சிறப்புப் பயிற்சியும் நீண்ட அனுபவமும் பெற்ற முதல்நிலை மேற்பார்வையாளர்.’ 1961இல் புதுக்கோட்டையிலிருந்த ஒரு கூட்டுறவுப் பட்டறையின் ஊழியர் பதிவேடு ரெங்கசாமியைப் பற்றி இப்படித்தான் சொன்னது. உயவிடுவது என்றால் கிரீஸ் போடுவது. பயிற்சி என்பது சென்னையில் மூன்று வாரம்; அதில் ஒரு வாரம் அவருக்கு வயிற்றுப்போக்கு. அனுபவம் என்பது திருவரங்குளத்தில் மாமனாரின் மாட்டுவண்டிகளுக்கு மசகு மை போட்டது.

வண்டி அச்சில் எவ்வளவு மை அப்பினாலும் அது கோபித்துக்கொள்வதில்லை. ஆகவே உலகத்தில் சுற்றுகிற எதுவும் கோபித்துக்கொள்ளாது என்று ரெங்கசாமி தீர்மானித்திருந்தார்.

பட்டறையின் கிரைண்டிங் மெஷினில் சுழல்தண்டு நிமிஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்று சுற்றும். அந்த வேகத்துக்குப் பேரிங்கின் உள்ளிடத்தில் மூன்றில் ஒரு பங்கு கிரீஸ் போதும். மீறினால் அதன் இரும்புக் குண்டுகள் கிரீஸைக் கடைந்து கடைந்தே சூடேறிச் செத்துப்போகும். மெஷினோடு வந்த புத்தகத்தில் இது படம் போட்டே இருந்தது. புத்தகம் ரெங்கசாமியின் மேசையில், வெற்றிலைப் பெட்டிக்கு அடியில், மிகப் பத்திரமாக இருந்தது.

இரண்டு பேரிங்குகள் எரிந்த பிறகு, மூன்றாவது வந்துசேர ஐந்து மாதம் ஆயிற்று. “இதுவும் போச்சுன்னா மெஷினைத் திருச்சிக்கு அனுப்பிருவேன். காரணமானவன் வீட்டுக்குப் போவான்” என்றார் மேனேஜர் அழகுமலை. ரெங்கசாமி உடனே மெஷின் ஓட்டும் சந்தனசாமியைப் பார்த்தார். மாதாகோயில் ஊரான ஆவூரிலிருந்து தினமும் சைக்கிள் மிதித்து வரும் சந்தனசாமிக்குப் புரிந்துபோயிற்று. அவனுக்கு இருந்த ஒரே வேலை அது.

ஆயுத பூஜை வந்தது. சந்தனசாமி உள்ளே நுழையும்போது, ரெங்கசாமி நெற்றி நிறையத் திருநீறோடு, சுழல்தண்டின் மூடியைக் கழற்றிவைத்துக் கட்டைவிரலால் கிரீஸைத் திணித்துக்கொண்டிருந்தார்.

“சார், இது ரொம்ப சார். பாதிய எடுத்துருவோம்.”

“ஏம்ப்பா, நல்ல நாளும் அதுவுமா வயித்தக் காயப்போடச் சொல்றியா? ஒங்க சாமிக்கு மெழுகுவத்தி போதும். எங்களுக்கு எண்ணெய்க்காப்பு வேணும்.”

“சாமிக்கு ஊத்துங்க சார், நான் வேண்டாங்கல. இது சுத்துற சாமானு. சரி, ரெண்டு மணி நேரம் மெதுவா ஓட்டுறேன், மிச்சம் தானா வெளிய வந்துரும்.”

“மேனேஜர் பொரிகடலையோட நிக்கிறாரு. மெதுவாவாம்ல! போடுப்பா முழு வேகம்.”

போட்டான். கால் மணி நேரத்தில் மூடிமேல் கைவைக்க முடியவில்லை. சத்தம் சீழ்க்கையாகி, சீழ்க்கை ஊளையாயிற்று.

“நிப்பாட்டிருவமா சார்?”

ரெங்கசாமி தலையைச் சாய்த்துக் கேட்டார். பசித்த மாட்டின் குரல் தமக்குத் தெரியாதா என்ன. “பாத்தியா, இன்னும் கேக்குது” என்று கிரீஸ் துப்பாக்கியை வைத்து நாலு அழுத்து அழுத்தினார். பெரிய மனம்தான். ஊளை நின்றது, சுழல்தண்டும் நின்றது. சந்தனமும் ஊதுபத்தியும் மணந்த இடத்தில் கருகிய நாற்றம் எழுந்தது.

அழகுமலை மூடியைத் திறக்கச் சொன்னார். கருத்துப்போன கிரீஸ் கொழகொழவென்று அவர் செருப்பில் விழுந்தது. அதைத் துடைத்துக்கொண்டே, “காரணம் என்ன?” என்று கேட்டார், சிறப்புப் பயிற்சி பெற்றவரிடம்.

“கிரீஸ் பத்தலைங்க” என்றார் ரெங்கசாமி. “இவன் சரியாப் போடுறதில்ல. நான் எத்தனையோ தடவை சொல்லிட்டேன்.”

“சார், நீங்களே பாத்தீங்களே...” என்று சந்தனசாமி மேனேஜர் பக்கம் திரும்பினான். மேனேஜர் செருப்பைப் பார்த்தார். படித்தவர்தான், ஆனால் பதிவேட்டில் அந்த வர்ணனையை எழுதியவரும் அவரே. தம் கையெழுத்தைத் தாமே பொய்யாக்க அவருக்கு மனம் வரவில்லை.

பன்னிரண்டு ஆண்டு உத்தியோகத்தில் ரெங்கசாமி மூன்று பேரிங்குகளைக் கிரீஸால் எரித்தார். மூன்றாவதுக்குச் சந்தனசாமியின் பெயரை எழுதி, அவனை வேலையிலிருந்து அனுப்பினார்.