அடுப்புக் கதவும் சித்தப்பா வாயும்

வியாழக்கிழமை எங்களுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் வியாழனும் ஞாயிறும்தான் விடுமுறை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேறு பள்ளி. வியாழக்கிழமை காலையில் அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு போவதை நான் வாசலில் நின்று திருப்தியாகப் பார்ப்பேன். அப்படி ஒரு வியாழக்கிழமையில்தான் எங்கள் சித்தப்பாவின் நாடகத்தை நான் கெடுத்தேன். எனக்கு அப்போது பதினொரு வயது. கெடுத்தாய் என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் ரொட்டி அடுப்பு இருந்தது. மாவு பிசைவதும் வியாபாரமும் அப்பாவுடையது. அடுப்பு, அவர் தம்பியான சித்தப்பாவின் பொறுப்பு. நெருப்பு எரியும்போது ரொட்டி வேகாது என்பது அந்த வேலையைப் பார்க்காதவர்களுக்குத் தெரியாது. கவிழ்த்து வைத்த பெரிய சட்டி போல் செங்கல்லால் கட்டிய அறைக்குள் சவுக்கு விறகை அடுக்கி இரண்டு மணி நேரம் எரிக்க வேண்டும். முதலில் உள்கூரை புகையேறிக் கறுத்துப்போகும். சூடு ஏற ஏற அந்தக் கரியே எரிந்து செங்கல் வெளுக்கும். வெளுத்த பிறகு தணலை ஒரு துண்டு விடாமல் வெளியே இழுத்துப் போட்டு, ஈரச் சாக்கால் தரையைத் துடைத்து, நீளமான மரத் துடுப்பால் மாவை உள்ளே தள்ளி, இரும்புக் கதவைச் சாத்திவிடுவார் சித்தப்பா. அதற்கு மேல் எல்லாம் செங்கல்லுக்குள் தங்கிய சூட்டின் வேலை. பாதியில் கதவைத் திறந்தால் சூடு போய்விடும், எழும்பின ரொட்டி உட்கார்ந்துவிடும். அப்பாவே வந்து எட்டிப் பார்க்கக் கேட்டாலும் விடமாட்டார். “வெந்தா நானே தொறப்பேன், நீ போண்ணே” என்பார்.

அடுப்பு விஷயத்தில் இவ்வளவு கறாரான மனிதருக்கு வாய் விஷயத்தில் ஒரு கட்டுப்பாடும் கிடையாது. கதை கட்டுவதில் அவருக்கு அப்படி ஒரு திறமை. மத்தியானம் விறகைப் பற்றவைத்துவிட்டு உட்கார்ந்தாரென்றால் அன்று தோன்றிய கதையை வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்வார். பால்காரரிடம் சொல்வார். விறகு வண்டிக்காரரிடம் சொல்வார். எங்கள் தெருவில் சொல்தா, அதாவது சிப்பாய், என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு பெரியவர் இருந்தார். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்தவர், பகலில் பொழுது போகாதவர். அவர் நாற்காலியைக் கையோடு கொண்டுவந்தே கேட்பார். முதல் ஆளிடம் சொல்லும்போது கதை தீயாக இருக்கும். நாலாவது ஆளிடம் சொல்லும்போது சித்தப்பாவுக்கே கொட்டாவி வரும்.

மாசி மகத்துக்கு ஊர் சாமிகள் எல்லாம் வைத்திக்குப்பத்துக் கடற்கரைக்கு வரும். அன்று பொழுது சாய்ந்ததும் குப்பத்து இளைஞர்கள் மணலில் மேடை போட்டு நாடகம் நடத்துவார்கள். அவர்கள் எல்லோரும் சித்தப்பாவின் சேக்காளிகள். இரண்டு வருடம் தொடர்ந்து நாடகம் எழுதித் தருகிறேன் என்று இவர் வாக்குக் கொடுத்தார். இரண்டு வருடமும் கதையைத் தெரு முழுக்கச் சொல்லித் தீர்த்துவிட்டு, எழுத உட்கார்ந்தால் வெறும் தாள்தான் மிஞ்சியது. இரண்டு வருடமும் கடைசி நேரத்தில் பழைய நாடகத்தையே தூசி தட்டிப் போட்டார்கள். மூன்றாவது வருடம் நாடகக் கமிட்டிச் செயலாளர் வீட்டுக்கே வந்து, மகத்துக்குப் பத்து நாள் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக் கொடுத்தார். அதற்குள் முழு நாடகமும் கையில் வராவிட்டால் கடலூர்க் கம்பெனியைக் கூப்பிட்டுவிடுவார்களாம், அதன் பிறகு சித்தப்பா நாடகம் என்று பேச்செடுக்கவே கூடாதாம். சித்தப்பா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். செயலாளர் போன பிறகு வெகுநேரம் அடுப்படியில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவர் பேசாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அம்மாதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். “அடுப்புக் கதவ யாரும் தொடக் கூடாதுன்ற. உன் வாய்க்கு ஒரு கதவு இல்லையே தம்பி” என்றாள். அன்றிலிருந்து அவர் கதையைத் தாளிடம் தவிர ஒருவரிடமும் சொல்லக் கூடாது என்று சட்டம் போட்டாள். சட்டம் போட்டால் போதாது, காவல் வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். காவலுக்கு நான். பள்ளியிலிருந்து பதினொன்றரைக்குச் சாப்பிட வந்தால் இரண்டு மணி வரை வீட்டில்தான் இருப்பேன். விறகு எரியும் நேரமும் அதுதான். ஒரு பழைய மண்ணெண்ணெய் டின்னையும் கரண்டியையும் என்னிடம் கொடுத்தாள். சித்தப்பா யாரிடமாவது கதையை ஆரம்பித்தால் நான் டின்னைத் தட்ட வேண்டும். கூலியாக, அடுப்பிலிருந்து எடுத்த முதல் ரொட்டியின் முனையை வெண்ணெய் தடவி எனக்குத் தருவார்கள்.

அதிகாரம் கையில் வந்தால் பதினொரு வயதுக்காரி எப்படி நடந்துகொள்வாள் என்று சொல்ல வேண்டியதில்லை. “நேத்து மழ பேஞ்சுது” என்று அவர் பால்காரரிடம் சொன்னதற்கே தட்டினேன். சொல்தா பெரியவர் பொல்லாதவர், கதையில் சைகோன் வருகிறது என்பதை மட்டும் எப்படியோ மோப்பம் பிடித்திருந்தார். “ஏம்ப்பா, உன் கதையில வர்ற ஆளு சைகோன்ல எந்தத் தெருவுல குடியிருந்தான்? தப்பா எழுதிடப் போற” என்று நைசாகத் தூண்டில் போடுவார். சித்தப்பா வாயைத் திறப்பார், நான் டின்னைப் பொளந்துகட்டுவேன். ஒரு வாரத்தில் பெரியவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வேறு வீடு பார்த்துக்கொண்டார்.

வழி பலித்தது. சொல்ல முடியாத கதை அவருக்குள்ளேயே கிடந்து காய்ந்தது. விறகு எரியும் இரண்டு மணி நேரமும் தலை நிமிராமல் எழுதினார். அவர் கையெழுத்து அவருக்கே புரியாது என்பதால் அழகாகப் பிரதி எடுக்கும் வேலையும் எனக்கு வந்தது. கட்டம் போட்ட என் பள்ளி நோட்டு ஒன்றில் எழுதினேன். பிற்காலத்தில் நானும் ஏதோ கொஞ்சம் எழுதினேன். எழுதி முடிக்கும்வரை வீட்டில் யாரிடமும் மூச்சு விடமாட்டேன். அதற்குக் காரணம் அந்த ஒரு மாதம்தான்.

கதை இதுதான். வைத்திக்குப்பத்தில் ஒருத்தி. அவள் புருஷன் கப்பலேறிச் சைகோனுக்குப் போகிறான். பதினோரு வருடம் ஒரு கடிதம் இல்லை. அவள் மீன்கூடை சுமந்து பிள்ளையை வளர்க்கிறாள். செத்திருப்பான் என்கிறார்கள், தாலியைக் கழற்று என்கிறார்கள். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகிறாள். கடைசியில் அவன் வருகிறான். நரைத்து, இளைத்து, அடையாளம் தெரியாமல் வருகிறான். வீட்டுக்குப் போகத் தைரியமில்லாமல் மார்க்கெட்டில் அவள் கூடைக்கு முன்னால் மீன் வாங்குகிறவன் மாதிரி நின்று, வஞ்சிரம் என்ன விலை என்று கேட்கிறான். அவள் நிமிர்ந்து பார்க்கிறாள்.

புதன்கிழமை நான் பிரதி எடுத்தது அதுவரைதான். மிச்சம் ஒரே ஒரு காட்சி. ஞாயிற்றுக்கிழமை கெடு. எனக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை. அவளுக்கு அவனைத் தெரிந்ததா இல்லையா? தெரிந்திருந்தால் திட்டினாளா, அழுதாளா?

மறுநாள் வியாழக்கிழமை. மூலக்குளத்திலிருந்த பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அம்மா காலையிலேயே போய்விட்டாள். அப்பா கடையில் இருந்தார். சித்தப்பா விறகைப் பற்றவைத்துவிட்டுத் தாளை எடுத்தார். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அந்தக் காட்சி முழுசாக உள்ளே இருக்கிறது என்று. உதடு அசைந்துகொண்டே இருந்தது. நான் பக்கத்தில் போய் டின்மேல் உட்கார்ந்தேன்.

“அவ இன்னா சொன்னா சித்தப்பா?”

“எழுதித் தரேன், படிச்சிக்கோ.”

“இப்பவே சொல்லு.”

“அண்ணி கொன்னுடும்.”

நான் கெஞ்சினேன். பிறகு அழுதேன். அதற்கும் மசியவில்லை என்றதும், இனிமேல் பிரதி எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், வாசல் பக்கம் பார்த்தார், பேனாவை மூடி வைத்தார். ஒரு மாதம் அடக்கி வைத்த மனிதருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? “உனக்கு மட்டும்தான், தெரிதா” என்று எழுந்தார்.

தணல் இழுக்கும் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் அந்தக் காட்சியை நடித்தார். அவனாக நின்று கேட்டார், அவளாக உட்கார்ந்து பதில் சொன்னார். அடுப்பு வெளிச்சம் முகத்தில் அடித்தது, கழுத்தெல்லாம் வேர்வை. அவள் அவனிடம் அதிகம் பேசவில்லை. ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள். அதைக் கேட்டதும் நான் தேம்பித் தேம்பி அழுதேன். அவரும் அழுதார். நாங்கள் இரண்டு பேரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம். நடுநடுவே அவர் கண் அடுப்புக்குப் போய்வந்ததையும் கவனித்தேன். செங்கல் வெளுத்த நேரத்தில் சரியாகத் தணலை இழுத்தார். அன்றைய ரொட்டிக்கு ஒரு குறையும் இல்லை.

வெள்ளிக்கிழமை தாளுக்கு முன்னால் உட்கார்ந்தார். இரண்டு வரி எழுதி அடித்தார். சனிக்கிழமையும் அப்படியே. முன்பு உதடு அசையும்; இப்போது விறகைக் கிளறிக்கொண்டே வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்த அம்மா கசங்கிய தாள்களைப் பார்த்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். யாரிடமாவது கதையைச் சொன்னாரா, நீ டின் தட்டினாயா என்று கேட்டாள். யாருமே வரவில்லை என்றேன். யாரும் வராதது உண்மைதானே என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டிச் செயலாளர் வந்து கூடத்தில் உட்கார்ந்தார். நோட்டைப் புரட்டிப் படித்தவர் முகம் மலர்ந்துபோயிற்று. “பிரமாதமா இருக்குதுப்பா. முடிவு எங்க?” என்றார். அம்மா குறுக்கே வந்து, “எழுத வரலன்னா போவட்டும் தம்பி. இப்ப வாயால சொல்லு, பாப்பா எழுதிக்குவா” என்று அவள் போட்ட சட்டத்தை அவளே எடுத்துவிட்டாள். சித்தப்பா ஆரம்பித்தார். அவன் வருகிறான், விலை கேட்கிறான், அவள் பார்க்கிறாள், என்று சொல்லி நிறுத்தினார். “அப்பறம் ஏதோ சொல்றா. சேந்துடறாங்க” என்றார். செயலாளருக்கே சங்கடமாகிவிட்டது.

அப்போது சித்தப்பா தூண் ஓரமாக நின்ற என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். வியாழக்கிழமை விஷயத்தை அம்மாவிடம் போட்டுக்கொடுத்துவிடாதே என்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நான் நல்ல பிள்ளை. உதட்டை இறுக மூடிக்கொண்டு, சொல்ல மாட்டேன் என்று அவருக்கு மட்டும் தெரியும்படி தலையை ஆட்டினேன். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். செயலாளர் எழுந்து, நோட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

மாசி மகத்தன்று கடலூர்க் கம்பெனி நாடகம் போட்டது. சித்தப்பா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பார்த்தார், கோமாளி வந்தபோது எல்லோரையும்போலச் சிரித்தார். அதன் பிறகு கதை சொல்வதும் மெல்லக் குறைந்து நின்றுவிட்டது. அடுப்பை இன்னும் முப்பது வருடம் பார்த்துக்கொண்டார். என்னை ஒருநாளும் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை.

அவர் காலமான பிறகு அந்த நோட்டு என்னிடம் வந்தது. போன வருடம் என் பேத்தி அதைப் படித்துவிட்டு, அவள் நிமிர்ந்து பார்த்தாள், அப்புறம் என்ன சொன்னாள் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அவர் கையிலிருந்த கம்பி, கழுத்து வேர்வை, நான் தேம்பியது எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியம் மட்டும் இல்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அது எனக்கு ஒரு எழுத்துப் பிசகாமல் தெரியும். சித்தப்பா அதைத்தான் என்னிடம் கேட்டுக்கொண்டு நின்றார்.